மண் சரிந்த வளைவில் ஒரு கல்யாண வேன்

போன வாரம் இந்த இடத்தில் என் பத்திக்குப் பதிலாக ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம் வந்திருந்ததைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் விசாரித்தீர்கள். உடம்பு சரியில்லையா, வெளியூரா, இல்லை எழுதுவதையே நிறுத்திவிட்டீர்களா... கடைசிக் கேள்வியைக் கேட்டவரின் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததாக என் கணவர் சொல்கிறார்.

அதெல்லாம் இல்லை. மகளுக்குக் கல்யாணம்.

'நல்லபடியா முடிஞ்சுது' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். கள்ளக்குறிச்சியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வாராவாரம் என் வீட்டு மிக்ஸி ரிப்பேரான கதையைக்கூடப் பொறுமையாகப் படிக்கிற உங்களிடம் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் அது நியாயமா?

மாப்பிள்ளை பிரான்சிஸ் கல்வராயன் மலையில் பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய அப்பாவும் ஆசிரியராகத்தான் மலைக்குப் போனார். வெள்ளிமலையிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். நல்ல குடும்பம். நல்ல பையன். என் மகள் அனிதாவுக்குப் பிடித்திருந்தது. வேறென்ன வேண்டும்?

ரோடு வேண்டும் என்றார்கள் உறவினர்கள்.

சத்தியமாக. பையனின் சம்பளத்தைப் பற்றி, படிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது மலை ரோட்டைப் பற்றித்தான். மழை வந்தால் பஸ் ஏறுமா? மண் சரிந்தால் எத்தனை நாள் ஆகும்? ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. ஒருவருக்கு வளைவில் பாறை உருண்ட கதை. இன்னொருவருக்கு மரம் விழுந்து பஸ்ஸிலேயே பொழுது விடிந்த கதை. எங்கள் குடும்பம் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். மாப்பிள்ளைக்கே ஜாதகம் பார்க்காதவர்கள் நாங்கள் — ரோட்டுக்குப் பார்த்தோம்.

இதில் முன்னால் நின்றது என் நாத்தனார் லூர்து. அனிதாவின் அத்தை. "மாப்ள தங்கம் அண்ணி. ரோடுதான் செரியில்ல" என்பாள். பிரான்சிஸே போய் அந்த ரோட்டை வளைத்து வைத்ததுபோலப் பேசுவாள்.

சிரித்தேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதைப்புதான். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் என்றால், ஒரு பிரசவம் என்றால், பெண் எப்படிக் கீழே இறங்கி வருவாள்? அனிதாவிடமே கேட்டேன். மலையில் இருக்கிற மற்ற பெண்கள் எப்படி வருகிறார்களோ அப்படி வருவேன் என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணை மாப்பிள்ளை ஊருக்கு அழைத்துப் போய்த்தான் கல்யாணம். வெள்ளிமலைக் கோயிலில் பூசை. முந்தின நாள் மதியம் கிளம்பினோம். ஐப்பசியில் போய் மலையில் கல்யாணம் வைப்பார்களா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என்ன செய்ய? கார்த்திகையில் திருவருகைக் காலம் வந்துவிட்டால் கிறிஸ்துமஸ் பண்டிகை முடிகிறவரை எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்குள் முடிக்க வேண்டும், பிரான்சிஸுக்கு லீவும் கிடைக்க வேண்டும். ஐப்பசிதான் அகப்பட்டது.

வேனின் நெற்றியில் செவ்வந்தி மாலை. உள்ளே நெருங்கிய சொந்தங்கள். கூரையில் தார்ப்பாய் சுற்றிய பீரோ.

பீரோவைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று எவ்வளவோ சொன்னேன். என் கணவர் சவரி எதற்கும் அடம்பிடிக்கிறவர் இல்லை. வீட்டில் அவர் பேசுகிற வார்த்தைகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். பெண்ணோடு சேர்ந்துதான் பீரோவும் போக வேண்டுமாம். கடைசியில் என் தம்பி அந்தோணி அதைக் கூரையில் ஏற்றிக் கட்டினான். மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு போடுகிறவன் அவன். ஆலைக்குப் போகும் டிராக்டரில் கரும்புக் கட்டை இறுக்குகிற தடித்த கயிற்றைக் கொண்டுவந்து, பீரோ மூச்சுவிட முடியாதபடி கட்டிவிட்டான்.

கச்சிராயபாளையத்தில் டீ குடித்தோம். கோமுகி அணை நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. வேன் நின்றதும் எல்லோரும் இறங்கி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மழை விட்டிருந்தது. அடிவாரச் செக்போஸ்ட்டில் விசாரித்தோம். காலையிலிருந்து வண்டிகள் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன, ஓர் இடத்தில் கல் விழுந்திருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றார்கள்.

ஏறினோம். பெண்கள் பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். காதை மூடிக்கொண்டு தூங்க முயன்றவர்களில் என் தம்பி முக்கியமானவன். மழை மறுபடி பிடித்தது. பாதி மலை ஏறியிருப்போம்... ஒரு வளைவில் டவுன் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் குடை பிடித்த கூட்டம்.

கல் விழவில்லை. மலையின் ஒரு பக்கமே இறங்கி வந்திருந்தது.

சிவப்புச் சேறு, பாறைகள், வேரோடு படுத்திருந்த ஒரு பெரிய மரம். தார் ரோடு அதற்குள் நுழைந்து காணாமல் போய், அந்தப் பக்கம் தூரத்தில் மறுபடி தலைகாட்டியது. வலது பக்கம் பள்ளம். அதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது முறை பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

சாலைப் பணியாளர்கள் இருவர், இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகச் சிவப்புக் கொடியோடு நனைந்துகொண்டு நின்றார்கள். ஜேசிபி மேலே இன்னொரு சரிவில் மண் அள்ளிக்கொண்டிருக்கிறது, இங்கே வரக் காலையாகிவிடும் என்றார்கள். பஸ்ஸில் வந்த மலைக்காரர்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சேற்றில் இறங்கி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சப் பேரை ஏற்றிக்கொண்டு பஸ் திணறித் திணறித் திரும்பிக் கீழே போனது.

நாங்கள் மட்டும் நின்றோம்.

ஆத்தூர் சுற்றிக் கருமந்துறை வழியாக ஏறலாம் என்றார் டிரைவர். அந்தோணி ஒரு பாறை மேல் ஏறி நின்று, எப்படியோ சிக்னல் பிடித்துப் பிரான்சிஸிடம் பேசினான். அந்த வழியிலும் கல் விழுந்திருக்கிறது, வர வேண்டாம் என்றாராம். தான் ஜீப் எடுத்துக்கொண்டு சரிவின் அந்தப் பக்கம் வந்து நிற்பதாகவும், மழை விடுகிற நேரம் பார்த்துக் கைப்பெட்டிகளோடு மட்டும் நடந்து கடந்து வந்துவிடும்படியும் சொன்னாராம். சீர்ச் சாமான் கிடக்கட்டும், ரோடு திறந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி என்று வேனுக்குள் உட்கார்ந்து மழை விடுவதற்காகக் காத்திருந்தோம். பாட்டு நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் பின்னால் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. அமரர் ஊர்தி.

சகுனம் பார்க்காத நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம். லூர்து ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள். யாரோ ஜெபமாலையை எடுத்தார்கள்.

வண்டியிலிருந்து ஓர் ஆள் இறங்கினார். பின்னாலேயே ஒரு பெண். என் வயது இருக்கும். தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு, வந்து சரிவைப் பார்த்தாள். அழவில்லை. பார்த்துவிட்டு ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொடி வைத்திருந்தவரிடம் எங்கள் டிரைவர் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். இறந்தவர் பெயர் அண்ணாமலை. மஞ்சள் காமாலை முற்றி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தவர்; காலையில் போய்விட்டார். இவள் அவருடைய மனைவி சின்னப்பொண்ணு. கூட வந்தவர் அண்ணாமலையின் தம்பி ஏழுமலை. அவர்கள் ஊர் சரிவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான். பிள்ளைகள் வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பின்னாலும் மண் விழுந்துவிட்டால் வண்டி நடுவில் மாட்டிக்கொள்ளும், அதனால் இங்கே நிற்க முடியாது என்கிறார் வெள்ளை வண்டி டிரைவர். ஒன்று, உடலை ஆட்கள் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்ப் பிணவறையில் வைக்க வேண்டும்.

தூக்க ஆள் வேண்டுமே? அங்கே இருந்தது ஏழுமலை ஒருவர்தான்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். எங்கள் வேனை நோக்கி நடந்து வந்தார். பாதித் தூரத்தில் வேனின் முன்பக்கம் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். செவ்வந்தி மாலை. நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்த வழியே திரும்பி நடந்தார்.

வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்கவே இல்லையே. கேட்காமல் போகிறவருக்கு என்ன பதில் சொல்வது?

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அனிதா என் தம்பி பக்கம் திரும்பினாள்.

"மாமா, அவரு கேக்க மாட்டாரு. நம்ம மாலையப் பாத்துட்டுத்தான் திரும்பிப் போறாரு. நாமதான் எறங்கிப் போயி கேக்கணும்."

லூர்துதான் பேசினாள். "வேணாங்கண்ணு. நாளைக்குத் தாலி ஏறப்போற களுத்து. இன்னிக்கிப் போயி..."

லூர்துவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அவளைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே கணவனை இழந்தவள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களில் அவள் முன்வரிசைக்கு வந்ததே கிடையாது. வா என்று இழுத்தாலும் வர மாட்டாள். சமையல்கட்டுப் பக்கம் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய்விடுவாள். தன்னால் யாருக்கும் எதுவும் வந்துவிடக் கூடாது என்கிற பயம். அனிதாவை வளர்த்ததில் பாதி அவள். அந்தக் கழுத்தைப் பற்றிப் பயப்பட அவளுக்கு உரிமை உண்டு.

சவரி எழுந்தார். கல்யாணத்துக்கு என்று வாங்கிய கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனிலிருந்து இறங்கினார். நேராக ஏழுமலையிடம் போனார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டதும், சவரி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கியதும் தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அந்தோணி கூரைமேல் ஏறிப் பீரோக் கயிற்றை அவிழ்த்தான். பாதிக் கயிற்றால் ஸ்ட்ரெச்சரோடு உடலைக் கட்டினார்கள். மீதியைச் சரிவுக்குக் குறுக்கே இழுத்து, இந்தப் பக்கம் ரோட்டோரக் கல்லிலும் அந்தப் பக்கம் ஒரு மரத்திலும் கட்டினார்கள். பிடித்துக்கொண்டு நடக்க. கொடிக்காரர்கள் இருவரும் மேலே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல் அசைந்தால் குரல் கொடுப்போம், எதையும் யோசிக்காமல் ஓடுங்கள் என்றார்கள்.

மழை தூறலாகக் குறைந்தது. தூக்கினார்கள்.

முன்னால் ஏழுமலையும் சவரியும். பின்னால் அந்தோணியும் எங்கள் டிரைவரும். மாற்றிப் பிடிக்க இன்னும் சிலர் பக்கத்தில். முழங்கால் வரை சேறு. ஒரு காலை எடுக்க மற்றொரு கால் புதைகிறது. நடுவில் அந்தோணியின் கால் வழுக்கி, ஸ்ட்ரெச்சர் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தது. சவரி அப்படியே சேற்றில் மண்டியிட்டுத் தோளில் பாரத்தை வாங்கிக்கொண்டார். தம்பி எழுந்து நின்றான். மறுபடி நடந்தார்கள்.

அடுத்து பெண்கள். நான் இரண்டடி வைத்தேன், செருப்பு போனது. இன்னும் கொஞ்ச தூரத்தில் நானே போகப் பார்த்தேன். காலடியில் மண் நகர்ந்தது. கயிறும் கையிலிருந்து நழுவியது. யாரோ என் மேல்கையை இறுக்கிப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் சின்னப்பொண்ணு.

"பள்ளத்தப் பாக்காதீங்க. என்னையப் பாத்துக்கினே வாங்க" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடந்தேன். காலையில் புருஷனை இழந்தவள் முகம் அது. அந்தக் கையை அவள் அந்தப் பக்கம் தார் ரோட்டில் நான் நிற்கிறவரை விடவில்லை.

அந்தப் பக்கம் பிரான்சிஸ் ஜீப்போடு நின்றிருந்தார். நாளைய மாமனார் தலை முதல் கால் வரை சேறாக, தோளில் ஒரு சடலத்தோடு வருவதைப் பார்த்த முதல் மாப்பிள்ளை அவராகத்தான் இருப்பார். ஆனால் அவர் முதலில் பார்த்தது சின்னப்பொண்ணுவை. அவள் பிள்ளைகள் அவரிடம் படித்தவர்களாம். அண்ணாமலையைத் தெரியுமாம். ஒரு கேள்வியும் கேட்காமல் ஜீப்பின் பின் கதவைத் திறந்தார்.

இருந்தது ஒரே ஜீப். ஏழுமலை ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் கல்யாணப் பெண்ணைக் கொண்டுபோய் விடுங்கள், நாங்கள் இப்படியே தூக்கிக்கொண்டு நடக்கிறோம் என்றார். பெண் மழையில் நிற்கக் கூடாதாம்.

"கல்யாணம் நாளைக்குத்தான்" என்றார் பிரான்சிஸ். "அண்ணன இப்ப வூடு சேக்கணும். ஏறுங்க."

அந்த நிமிஷம் எனக்கு அந்த ரோட்டின் மேல் இருந்த குறையெல்லாம் போயிற்று என்று எழுதினால் பொய். ரோடு அப்படியேதான் இருந்தது. ஆனால் பையன் யார் என்று தெரிந்துவிட்டது. வருஷக்கணக்கில் பழகினாலும் தெரியாத விஷயம் சில நேரம் ஒரு மண் சரிவில் தெரிந்துவிடுகிறது, இல்லையா?

ஜீப்பில் ஏறுகிறபோது சின்னப்பொண்ணு அனிதாவைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை. தூரத்தில் இருந்தே தலையை அசைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். லூர்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜீப் போனதும் ரோட்டோர நிழற்குடை ஒன்றில் ஒண்டிக்கொண்டோம். பட்டுப்புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணப்பெண். சேற்றுச் சிலைகளாக ஆண்கள். குளிர். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யாரோ பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். சவரி கையைக் கழுவ வழியில்லாமல் வாயைத் திறந்து காட்டினார், அனிதா ஊட்டிவிட்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஏனோ அப்போது சிரிப்பு வந்தது.

ஜீப் திரும்பி வந்தது. காலியாக வரவில்லை. உள்ளேயும் பின்னால் தொங்கிக்கொண்டும் ஆட்கள். எல்லோரும் அண்ணாமலையின் ஊர்க்காரர்கள். முதல் ஆளாக இறங்கியவர் ஏழுமலை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனை வீட்டில் கிடத்திவிட்டு இவர் எதற்கு இங்கே வந்திருக்கிறார்? சவரி பதறிப்போய் அதையே கேட்டார்.

"அண்ணங்கிட்ட ஆளுங்க இருக்காங்க. இங்க உங்களுக்குத்தான் ஆளு பத்தல" என்றார் ஏழுமலை. "பொண்ணு சாமானு மண்ணுக்கு அந்தாண்ட கெடக்கக் கூடாதுன்னு அண்ணி சொல்லி அனுப்பிச்சாங்க."

அண்ணி என்றால் சின்னப்பொண்ணு. புருஷன் வீட்டு நடுவில் கிடக்கிறார். சுற்றிலும் அழுகை. அதற்கு நடுவில் ஒருத்தி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் சீர்ச் சாமானை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சவரிக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கு எப்போதுமே வராது, ஆனால் இது வேறு. வேண்டாங்க, வேண்டாங்க என்று கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் காதில் வாங்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். குத்துவிளக்கு வந்தது. அண்டா வந்தது. பாய், தலையணை, பலகாரக் கூடை எல்லாம் தலைமேல் வந்தன. கடைசியில் பார்த்தால்... பீரோ.

அதை மட்டுமாவது விட்டுவிடச் சொல்லி நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம். உயிரை விடவா பீரோ? ஏழுமலை சிரித்தார் என்று சொல்ல முடியாது. முகம் கொஞ்சம் இளகியது. நாங்கள் மாவு மிஷினையே இப்படித்தான் மலைக்குக் கொண்டுவந்தோம் என்றார். தோள்களில் அது மெதுவாக, ஆடாமல், சேற்றைக் கடந்து வந்து சேர்ந்தது. ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. அந்த மூலையை நிமிர்த்தக் கூடாது என்று அனிதா இப்போதே உத்தரவு போட்டிருக்கிறாள்.

சாமானை ஏற்றி முடித்ததும் அவர்கள் நின்று பேசவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது. ரோட்டில் நடந்தே போனார்கள். ஜீப்பில் ஏற்றிக்கொள்கிறேன் என்று பிரான்சிஸ் சொன்னதற்கு, பெண்பிள்ளைகள் நனைகிறார்கள், நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜீப் பல நடை போய் வந்து எங்களையும் சாமானையும் வெள்ளிமலை சேர்த்தது.

மறுநாள் நல்ல வெயில். விடிகிறதற்குள் ஜேசிபி வந்து ஒரு வண்டி போகிற அளவுக்கு மண்ணை ஒதுக்கிவிட்டது. கீழேயிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். சிலர் பூசைக்கு வந்தார்கள், சிலர் பந்திக்குச் சரியாக வந்தார்கள். தாமதத்துக்கு எல்லோருமே ரோட்டைச் சொன்னார்கள். ரோடு திறந்திருந்ததை நான் சுட்டிக்காட்டவில்லை. முந்தின நாள் கொடியோடு நனைந்த இருவரையும், ஜேசிபி ஓட்டியவரையும் அந்தோணி கையோடு அழைத்து வந்து சாப்பிட உட்காரவைத்தான். அவர்களுக்கு இந்தப் பத்தி வழியாகவும் ஒரு நன்றி. நாம் திட்டுகிற ரோட்டில்தான் அவர்கள் நனைகிறார்கள்.

அதே காலையில் அண்ணாமலையை அடக்கம் செய்தார்கள். எங்கள் சம்பந்தி அங்கே போய் மண் போட்டுவிட்டு, குளித்து உடை மாற்றிக்கொண்டு, மகன் கல்யாணத்துக்கு வந்தார். பூசையில் மணமக்களுக்காக வேண்டிக்கொண்ட பிறகு, ஃபாதர் அண்ணாமலைக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் ஒரு மன்றாட்டுச் சொன்னார். கல்யாணப் பூசையில் இறந்தவர் பெயரா என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று எல்லோரையும்விடச் சத்தமாக அதற்குப் பதில் சொன்னது லூர்து. அன்றைக்கு அவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள் தெரியுமா? முதல் வரிசையில். யாரும் இழுக்கவில்லை.

மலையை விட்டு இறங்குவதற்கு முன் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனோம். புதுப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு துக்க வீட்டுக்கா என்று சிலர் இழுத்தார்கள். அனிதா புடவையை மாற்றிக்கொண்டு ஜீப்பில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ரோட்டிலிருந்து பிரிகிற மண் பாதையில் முதல் வீடு. எங்களைப் பார்த்ததும் சின்னப்பொண்ணு வேகமாக வெளியே வந்தாள். வாசலைத் தாண்டித் தெருவிலேயே நின்று எங்களை மறித்துக்கொண்டாள். அனிதாவைப் பார்த்து, "நீ உள்ள வராத கண்ணு. புதுத் தாலி. நான் இங்கியே நின்னு பேசறேன்" என்றாள்.

அனிதா என்னைப் பார்த்தாள். ஒரு பெண் தன் வீட்டு வாசலில் தன்னையே குற்றவாளி மாதிரி நிறுத்திக்கொண்டிருக்கும்போது என்ன சொல்ல முடியும்?

லூர்து எங்களைத் தாண்டிப் போனாள். சின்னப்பொண்ணுவின் கையைப் பிடித்தாள்.

"நானும் உன்ன மாதிரிதாம்மா. நான் வரலாமில்ல?" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, தான் வளர்த்த பெண்ணைக் கூப்பிட்டாள். "அனிதா, வா. வந்து அத்தை பக்கத்துல உக்காரு."

எந்த அத்தையைச் சொன்னாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. அனிதா போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

அதுவரை அழாத சின்னப்பொண்ணு அப்போதுதான் அழுதாள். லூர்து அவளைத் தேற்றவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். சவரியும் ஏழுமலையும் வெளியே மரத்தடியில் நின்றார்கள். இருவருமே பேசாதவர்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பார்கள்.

கிளம்பும்போது சின்னப்பொண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோடு வரை கூட வந்தாள். சரிந்த மண் இன்னும் ஓரமாகக் குவிந்து கிடந்தது தெரிந்தது. அதைக் காட்டி அனிதாவிடம் சொன்னாள்:

"இது வருசா வருசம் வுழும், கண்ணு. நீ அம்மா வூட்டுக்குப் போயி வரச்சொல்ல மழ புடிச்சிக்கிச்சின்னா வெள்ளிமல வரிக்கும் போவணும்னு ஓடாத. இங்க எறங்கிக்க. பொழுது விடிஞ்சிப் போயிக்கலாம்."

சரிங்க அத்தை என்றாள் அனிதா.

அடுத்த ஐப்பசிக்கும் அந்த வளைவில் மண் இறங்கலாம். தடுப்புச் சுவர் கட்டப் போவதாகச் சொல்கிறார்கள், கட்டட்டும். கம்பி வலை போடப் போகிறார்களாம், போடட்டும். சீக்கிரம் செய்தால் இன்னும் நல்லது. நானும் அந்த ரோட்டைப் பார்த்துப் பயப்படுவதை நிறுத்திவிடவில்லை. மழைச் செய்தி வந்தால் இப்போதும் முதல் போன் மலைக்குத்தான் போகிறது. ஆனால் ராத்திரி படுக்கும்போது தூக்கம் வருகிறது. அந்தத் தூக்கத்துக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றும் தெரிகிறது. அது போதாதா?

மலையில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் இரண்டு வீடு சொல்கிறேன். சம்பந்தி வீடு ஒன்று, சின்னப்பொண்ணு வீடு ஒன்று... பஸ்ஸில் போனால் சின்னப்பொண்ணு வீடுதான் முதலில் வரும்.